பெரிய புளியமரத்தை அறுக்க எந்தப் பார், எந்தச் செயின்?

செயின்சாவுக்கு, அதாவது எஞ்சின் ரம்பத்துக்கு, கடைக்குப் போய் ‘24 இன்ச் பார் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்பதில்தான் பாதித் தொல்லை ஆரம்பிக்கிறது. பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டின், நீளம் கடைசியாக முடிவு செய்யவேண்டிய விஷயம். மரம் எவ்வளவு பெரியது, மிஷினுக்கு எவ்வளவு இழுவை இருக்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை பல் மரத்துக்குள் ஓடும் என்று வரிசையாகப் பார்த்தால் நீளம் தானாக வந்துவிடும். வைரம் பாய்ந்த புளி, கருவேலம், வாகை, காய்ந்த வேம்பு ஆகியவற்றை அறுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். தென்னையும் பனையும் வேறு மாதிரி. அவற்றைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை வரும்.

மரத்தை அளக்கும் முறை

நம் பக்கம் மரத்துக்குச் சுற்றளவில்தான் விலை பேசுவார்கள். பாருக்கு வேண்டியது விட்டம். சுற்றளவை இன்ச்சில் எடுத்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். 6 அடிச் சுற்று என்றால் சுமார் 23 இன்ச். 8 அடிச் சுற்று 30 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். 10 அடிச் சுற்று 38 இன்ச்.

புளியின் அடிமரம் வட்டமாக இருப்பது அபூர்வம். புடைப்பும் குழிவுமாக இருக்கும். நாடா புடைப்புகளின் மேலேயே போவதால், கணக்கில் வரும் விட்டம் ஒரு பக்கத்துக்குக் கூடுதலாகவும் இன்னொரு பக்கத்துக்குக் குறைவாகவும் இருக்கும். கிடக்கும் மரமானால் இரண்டு நேரான கம்புகளை இருபுறமும் செங்குத்தாக நிறுத்தி, இடையிலுள்ள தூரத்தை அளப்பதே சரி. எந்தப் பக்கம் குறுகலோ அந்தப் பக்கமாகப் பாரை விட்டால் ஒரு சைஸ் சின்ன பாரிலேயே வேலை முடிந்துவிடும்.

மிஷின் எவ்வளவு இழுக்கும்?

செயினில் மரத்தை அறுக்கும் பல்லுக்குக் கட்டர் என்று பெயர். முழு கட்டர் வரிசையுள்ள 3/8 பிட்ச் செயினில் (பிட்ச் என்ன என்பது பின்னால் வரும்) ஒரு கட்டருக்கும் அடுத்த கட்டருக்கும் இடையே 38 மில்லிமீட்டர் இருக்கும். 20 இன்ச் மரத்தை முழு அகலத்துக்கு அறுக்கும்போது ஏறக்குறைய 13 கட்டர் ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருக்கும். 36 இன்ச் மரத்தில் 24 கட்டர். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 382 மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள்: 72.2 சிசி, 3.9 கிலோவாட். அந்த 3.9 கிலோவாட்டை 13 பல் பங்குபோட்டால் பல்லுக்கு 300 வாட் வரும். 24 பல் பங்குபோட்டால் 160 வாட்தான்.

மெத்தென்ற தூங்குமூஞ்சி மரத்தில் 160 வாட்டை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். காய்ந்த புளியின் கருஞ்சிவப்பு வைரத்தில் அது போதாது. பல் கடிக்காமல் உரசும். உரசினால் சூடு, சூட்டில் விளிம்பு மழுங்கும், மழுங்கினால் அழுத்துவோம், அழுத்தினால் எஞ்சினின் சுற்று விழுந்து கிளட்ச் வழுக்கும். ‘செயின் சரியில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம், அந்த மிஷினால் இழுக்க முடியாத நீளத்தில் பார் போட்டிருப்பதுதான்.

கடின மரத்துக்கு நாங்கள் சொல்லும் அளவு இது:

45 முதல் 50 சிசி வரை 16 இன்ச்சோடு நிறுத்துங்கள். 58 சிசி என்று விற்கும் சீன மிஷின்கள் 22 இன்ச் பாரோடு வருவதுண்டு. புளிக்கு அதைக் கழற்றிவிட்டு 18 போடுவது நல்லது. 70 சிசி வகைக்கு, அதாவது எம்எஸ் 382, ஹஸ்க்வர்னா 372 போன்றவற்றுக்கு, 20 இன்ச் நாள் முழுக்க ஓடும். தீட்டிய செயினோடு எப்போதாவது 24 அல்லது 25 போடலாம். 90 சிசி வகை, அதாவது எம்எஸ் 661 அல்லது ஹஸ்க்வர்னா 395, 25 முதல் 28 வரை தாராளமாக இழுக்கும். கட்டர் குறைவான ஸ்கிப் செயின் போட்டால் 36 வரை போகலாம். முழு 36 இன்ச்சையும் புதைத்து நாள்தோறும் அறுக்கவேண்டிய வேலை என்றால் 120 சிசி வகையும் .404 பிட்ச் செயினும் வேண்டும்.

மிஷினில் ஒட்டியிருக்கும் சிசி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கையேட்டில் கிலோவாட் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். கிலோவாட்டே போடாத மிஷினுக்கு, மேலே சொன்னதில் ஒரு படி கீழே இறங்கித் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

சின்ன பாரில் பெரிய மரம்

பார் மரத்தை விட நீளமாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் 20 இன்ச் பாரில் 34, 35 இன்ச் மரம் வரை துண்டு போடலாம். அதனால் 8 அடிச் சுற்றுப் புளி ஒன்றுக்காக மட்டும் 70 சிசி மிஷினில் 28 இன்ச் பார் வாங்கிப் போடத் தேவையில்லை.

அறுக்குமுன் மரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் அல்லது கரிக்கட்டியால் கோடு போடுங்கள். கோடில்லாமல் ஆரம்பித்தால் இரண்டு வெட்டும் சந்திக்காமல் படிபோல நிற்கும். முதலில் உங்கள் பக்கமிருந்து, மிஷினின் முன்பக்கத்தில் இருக்கும் முன்முள்ளை மரப்பட்டையில் ஊன்றி, பாரின் கீழ்ப்பக்கத்தால் இறக்குங்கள். வெட்டு திறந்ததும் பின்னால் ஆப்பு அடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஆப்போ மர ஆப்போ மட்டும், இரும்பு ஆப்பு பாரின் பக்கத்திலேயே வரக்கூடாது. பிறகு மறுபக்கம் போய் அதே கோட்டில் அறுங்கள்.

இந்த முறையில் ஆபத்து பாரின் மூக்கில் இருக்கிறது. நுனி மரத்துக்குள் புதைந்திருக்கும்போது, மூக்கின் மேல் கால்பகுதி கடினமான எதிலாவது பட்டால் மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். ஓடாத செயினோடு பழைய வெட்டுக்குள் நுனியை நுழைத்துவிட்டு ஆக்சிலேட்டரை அழுத்துவது இதில் அடிக்கடி நடக்கும் தவறு. செயின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, மூக்கின் கீழ்ப்பக்கத்தால்தான் நுழைக்கவேண்டும். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று காலையில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஹெல்மெட், முகவலை, காதுமூடி, வெட்டுத் தாங்கும் பேன்ட் இல்லாமல் இந்த அளவு மரத்தில் கைவைக்காதீர்கள்.

மூன்று எண்கள்

செயின் வாங்கும்போது இன்ச்சைச் சொல்லாதீர்கள். பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சொல்லுங்கள்.

பிட்ச் என்பது அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தில் பாதி. .325 என்றால் 8.25 மில்லிமீட்டர், 3/8 என்றால் 9.5, .404 என்றால் 10.26. செயின், மிஷினில் அதை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், பார் மூக்கிலுள்ள சின்னச் சக்கரம் மூன்றும் ஒரே பிட்சில் இருக்கவேண்டும். 3/8-இல் லோ புரொபைல் என்று ஒரு சின்ன வகை தனியாக உண்டு, சின்ன மிஷின்களுக்கானது. பெயர் ஒன்றாக இருப்பதால் கடைகளில் மாறிப்போகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. போட்டால் ஸ்ப்ராக்கெட் பல்லைத் தின்றுவிடும்.

கேஜ் என்பது பாரின் பள்ளத்துக்குள் ஓடும் டிரைவ் லிங்க்கின் தடிமன். 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். 1.6 பாரில் 1.5 செயின் உள்ளே போய்விடும், ஆனால் சாய்ந்தபடி ஓடும். பெரிய மரத்தில் வெட்டு வளைந்துபோய்ப் பார் நெரியும். 1.5 பாரில் 1.6 உட்காரவே உட்காராது. ஸ்டில்லின் பெரிய மிஷின்களில் பெரும்பாலும் 1.6, ஹஸ்க்வர்னாவின் பெரிய மிஷின்களில் பெரும்பாலும் 1.5.

டிரைவ் லிங்க்கை ஒன்றொன்றாக எண்ணியே ஆகவேண்டும். 20 இன்ச் 3/8 பார் பொதுவாக 72 எடுக்கும். ஸ்டில்லின் 25 இன்ச் 84, 36 இன்ச் 114. ஹஸ்க்வர்னாவின் 36 இன்ச்சுக்கு 115. இந்த ஒரு லிங்க் வித்தியாசத்தில்தான் செயின் ஏறாமலோ, டென்ஷன் ஸ்க்ரூ கடைசிவரை போயும் தொங்கியபடியோ நிற்கும். சீன மிஷின்களின் 20 இன்ச் .325 பாருக்கு 76 லிங்க், 18 இன்ச்சுக்கு 72. 3/8 செயினிலும் .325 செயினிலும் 72 என்ற எண் வருவதைக் கவனியுங்கள். எண்ணிக்கையை மட்டும் சொன்னாலும் தப்பான செயின்தான் வரும்.

பழைய செயினில் பெட்டி இல்லாவிட்டாலும் எண் பொறித்திருக்கும். ஸ்டில் செயினில் கட்டருக்கு முன்னால் இருந்து, அது கடிக்கும் ஆழத்தை அளந்து கொடுக்கும் ரேக்கரில் 2 என்றால் .325, 3 என்றால் 3/8, 4 என்றால் .404, 6 என்றால் லோ புரொபைல். டிரைவ் லிங்க்கில் 3, 5, 6 என்பவை 1.3, 1.5, 1.6 கேஜ். ஓரிகன் கம்பெனிச் செயினில் டிரைவ் லிங்க்கில் 72, 73, 75 என்றிருந்தால் 3/8 பிட்சில் முறையே 1.3, 1.5, 1.6. அங்கே 72 என்பது மாடல் எண், லிங்க் எண்ணிக்கை இல்லை.

ரீலிலிருந்து வெட்டி ரிவெட் அடித்துத் தரும் கடையில் வாங்கினால், அடித்த ரிவெட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். மற்ற கணுக்கள்போல அதுவும் தாராளமாக மடங்கவேண்டும். இறுகி நிற்கும் கணு பார் மூக்கைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் அடிக்கும்; அறுந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அறும்.

எந்த வகைக் கட்டர்

ஃபுல் சிசல் கட்டரின் மூலை கூராக, சதுரமாக இருக்கும். செமி சிசலின் மூலை உருண்டிருக்கும். நிற்கும் பச்சை மரம், பட்டை சுத்தம், மண் படாது என்றால் ஃபுல் சிசல் வேகமாக அறுக்கும். ஆனால் அதன் வேலை முழுவதும் அந்த ஒரு மூலையில் இருக்கிறது. மண்ணில் ஒரு முறை பட்டு மூலை உருண்டுவிட்டால் செயின் முழுக்க மழுங்கினதற்குச் சமம்.

காற்றில் சாய்ந்து மண்ணில் கிடக்கும் மரத்துக்கும், காய்ந்த புளிக்கும் கருவேலத்துக்கும் செமி சிசல்தான் எங்கள் தேர்வு. முதல் வெட்டில் கொஞ்சம் மெதுவாகத் தெரியும். அரம் போட நிறுத்தும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் நாள் முடிவில் இதுவே அதிகம் அறுத்திருக்கும். தேக்கு, தென்னை, பனை, மூங்கிலில் சிலிக்கா என்ற மணல்சத்து இருப்பதால் அவற்றுக்கும் செமி சிசலே தாங்கும். ஓரிகனில் டிபிஎக்ஸ், ஸ்டில்லில் ஆர்எம் என்று முடிபவை செமி சிசல். எல்ஜிஎக்ஸ், ஆர்எஸ் என்பவை ஃபுல் சிசல்.

ஸ்கிப் செயின் என்பது கட்டர்களைக் குறைத்து இடைவெளியை அதிகமாக்கியது. 114 லிங்க் செயினில் முழு வரிசையில் 57 கட்டர் இருந்தால், ஃபுல் ஸ்கிப்பில் 38. ஆகவே 36 இன்ச் மரத்துக்குள் 24 பல்லுக்குப் பதில் 16 பல் ஓடும். பல்லுக்குக் கிடைக்கும் சக்தி ஒன்றரை மடங்கு. நீண்ட வெட்டில் தூள் அடைத்துக்கொள்ளாமல் வெளியேறவும் அந்த இடைவெளி உதவும். அரம் போடும் வேலையும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். 24 இன்ச்சுக்குக் கீழே ஸ்கிப் வேண்டாம், வெட்டு உதறும். கிளை கழிக்கவும் அது ஆகாது. சின்னக் கிளை இடைவெளிக்குள் மாட்டித் துள்ளும்.

கார்பைடு நுனி வைத்த செயின் மண்ணையும் மணலையும் நன்றாகத் தாங்கும். சாதாரண அரத்தில் தீட்ட முடியாது, வைரச் சக்கரம் வேண்டும். ஆணியில் பட்டால் நுனி உடைந்து தெறிக்கும். சாலையோரப் புளிக்கு அதை நாங்கள் சொல்லமாட்டோம்.

மரத்தை நெடுக அறுத்துப் பலகை போடுவது வேறு வேலை. அதற்கு 10 டிகிரியில் தீட்டிய ரிப்பிங் செயின் போடவேண்டும்.

பார்

20 இன்ச் வரை மூன்று தகடு சேர்த்த லாமினேட்டட் பார் போதும், எடை குறைவு. 24-க்கு மேல் ஒரே தகட்டாலான சாலிட் பார் வாங்குங்கள். பெரிய துண்டு உட்கார்ந்து நெரித்தால் லாமினேட்டட் பார் வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்தினாலும் பழையபடி ஓடாது. மூக்கைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய வகையாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பாரின் உடல் தேயுமுன் மூக்குச் சக்கரம் தேய்ந்துவிடும். சக்கரமில்லாத கெட்டி மூக்குப் பாரும் உண்டு. மண்ணுக்குத் தாங்கும், ஆனால் உராய்வில் சக்தியைத் தின்னும். சக்தி பற்றாத மிஷினுக்கு அது வேண்டாம்.

பாரின் அடிப்பக்கத் துளை ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. ஓரிகன் பாரில் டி025 என்பது ஸ்டில்லின் பெரிய மிஷின்களுக்கு, டி009 ஹஸ்க்வர்னாவின் பெரிய மிஷின்களுக்கு. போல்ட் நுழைகிறது என்பதற்காக மாற்றிப் போடாதீர்கள். எண்ணெய்த் துளை மிஷினின் துளைக்கு நேராக வராவிட்டால் செயின் வறண்டே ஓடும். பத்து நிமிடத்தில் பாரின் விளிம்பு நீலம் பாய்ந்திருக்கும்.

ஒவ்வொரு முறை செயின் மாற்றும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். பள்ளத்தை மெல்லிய தகட்டால் சுரண்டி, விளிம்பில் எழும் பிசிறைத் தட்டை அரத்தால் எடுங்கள். பள்ளத்தின் ஆழம் .325-க்கும் 3/8-க்கும் 6 மில்லிமீட்டருக்கும், .404-க்கு 7-க்கும் கீழே போனால் டிரைவ் லிங்க்கின் கால் தரையில் இடிக்கும். அந்தப் பாரை ஒதுக்கிவிடுங்கள்.

ஸ்ப்ராக்கெட்டை மறந்துவிடுவார்கள். பல்லில் அரை மில்லிமீட்டர் குழி விழுந்ததும் மாற்றவேண்டும். குழி விழுந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டால், முதல் நாளே செயினின் பிட்ச் இழுபட்டுப் பழையதாகிவிடும். தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றும் ரிம் வகை செலவு குறைவு. கடின மரத்துக்கு 7 பல் போதும். 8 பல் போட்டால் செயின் வேகமாக ஓடும், இழுவை குறையும்.

எண்ணெயும் டென்ஷனும்

கழிவு எஞ்சின் ஆயிலை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதிலுள்ள இரும்புத் துகள் பம்பையும் பார் பள்ளத்தையும் அராவும். தோலுக்கும் மூச்சுக்கும் கேடு. ஒட்டிப் பிடிக்கும் பார் ஆயில்தான் வேண்டும். பாருக்கு எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பாரின் நுனியை வெட்டிய மர முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆக்சிலேட்டர் கொடுங்கள். சில வினாடியில் மரத்தின் மேல் எண்ணெய்க் கோடு விழவேண்டும். 28 இன்ச்சுக்கு மேல் பார் போட்டால் பம்பின் அளவை முழுக்கத் திறந்து வையுங்கள்.

டென்ஷன் செயின் ஆறியிருக்கும்போது வைப்பது. பாரின் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். செயின் கீழ்ப்பக்கம் பாரை ஒட்டியிருக்கவேண்டும். கையுறை போட்ட கையால் இழுத்தால் தாராளமாக நகரவேண்டும். புதுச் செயினை முதல் நாள் இரவே எண்ணெயில் ஊறவைத்து, முதல் ஐந்தாறு வெட்டுக்குள் இரண்டு முறை டென்ஷன் பாருங்கள். சூடான செயினை இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்தியே ஆகவேண்டும். ஆறும்போது சுருங்கி கிராங்க் பேரிங் வரை இழுத்துக் கெடுக்கும்.

அரம்

.325-க்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம். 3/8-க்கு ஸ்டில் 5.2 என்கிறது, ஓரிகனும் ஹஸ்க்வர்னாவும் 5.5. .404-க்கு 5.5. சின்ன அரம் போட்டால் விளிம்பு கொக்கிபோல மெலிந்து, புளியின் முதல் முடிச்சிலேயே உடையும். பெரிய அரம் போட்டால் விளிம்பு மொட்டையாகும். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு கட்டரின் தலைக்கு மேலே தெரியவேண்டும்.

கோணம் பொதுவாக 30 டிகிரி. காய்ந்த கடின மரத்துக்கு 25 வைத்தால் விளிம்புக்குப் பின்னால் கூடுதல் இரும்பு நிற்கும், கூர் நெடுநேரம் தாங்கும். உள்ளிருந்து வெளிநோக்கி மட்டும் தள்ளுங்கள், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். எல்லாக் கட்டரும் ஒரே நீளத்தில் இருக்கவேண்டும். எது மிகக் குட்டையோ அதன் அளவுக்கு மற்றவற்றைக் கொண்டுவாருங்கள்.

ரேக்கர், கட்டரின் விளிம்பை விட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கவேண்டும்; .404-க்கு 0.8. ‘இன்னும் கடிக்கட்டும்’ என்று ரேக்கரைத் தாழ்த்திவிடுவது கடின மரத்தில் பெரிய தப்பு. ஒவ்வொரு பல்லும் இழுக்க முடியாத அளவு கடித்து, செயின் திக்கித் திக்கி நிற்கும், மிஷின் கையை உதறும், எகிறும் ஆபத்தும் கூடும். கண் மட்டத்தில் பார்த்து ராவாதீர்கள், அளவுத் தகடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரியாகத் தீட்டிய செயின் புளியிலும் சீவல் சீவலாகத் தள்ளும். மாவுபோலத் தூள் வந்தாலே நிறுத்தி அரத்தை எடுக்கவேண்டிய நேரம். வெட்டு எப்போதும் ஒரே பக்கமாக வளைந்தால், அந்தப் பக்கத்துக் கட்டர்கள் நீளமாகவோ கூராகவோ இருக்கின்றன என்று அர்த்தம். கட்டரைச் சமன் செய்தும் வளைந்தால் பாரைப் பாருங்கள்: ஒரு விளிம்பு தேய்ந்து தாழ்ந்திருக்கும். தட்டையான கண்ணாடி மேல் நிறுத்தினால் சாய்வு தெரிந்துவிடும்.

ஆணி

சாலையோரப் புளிக்கு இது தனி விஷயம். எண் தகடு, விளம்பரப் பலகை, கொடிக்கம்பி என்று எதையெதையோ அடித்திருப்பார்கள். பல வருடத்தில் மரம் அதை மூடி வளர்ந்திருக்கும். இடுப்புக்கும் ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலேயும் இடைப்பட்ட பகுதியில்தான் பெரும்பாலும் இருக்கும். வெட்டும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைக் கோடரியால் செதுக்கி எடுத்துவிட்டு, மரம் திட்டாகக் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இரும்பு கிடந்தால் சுற்றி அப்படிக் கறுக்கும். பட்டையை எடுப்பதால் அதில் படிந்த மண்ணும் போய்விடும். சந்தேகம் இருந்தால் வெட்டை ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் நல்ல செயினைக் கழற்றிவிட்டு, பாதி தேய்ந்த செமி சிசலை மாட்டுங்கள்.

ஆணியில் பட்டுவிட்டால் சத்தமே மாறும், பொறியும் பறக்கும். உடனே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, செயினைக் கையுறையோடு ஒரு முழுச் சுற்று நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் இடது கட்டர்கள் மட்டுமோ வலது மட்டுமோ அதிகம் அடிபட்டிருக்கும். அடிபட்ட பக்கத்தை மட்டும் ராவிவிட்டு ஓட்டினால் வெட்டு வளையும்; இரண்டு பக்கத்தையும் குட்டையானதன் அளவுக்குக் கொண்டுவரவேண்டும். அப்படிக் கொண்டுவந்தால் கட்டரின் பின்னால் பொறித்திருக்கும் தேய்மானக் கோட்டைத் தாண்டிவிடும் என்றால் அந்தச் செயின் முடிந்தது. விரிசல் விட்ட டை ஸ்ட்ராப் (கணுக்களை இணைக்கும் பக்கத் தகடு) ஒன்று தெரிந்தாலும் அப்படியே. அறுந்த செயின் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரிய புளி ஒன்றுக்குப் போகும்போது தீட்டிய செயின் குறைந்தது மூன்று, ஒரு உபரி பார், இரண்டு உருட்டு அரம், ஒரு தட்டை அரம், ரேக்கர் அளவுத் தகடு, நான்கு ஆப்பு எடுத்துப் போங்கள். மழுங்கிய செயினைக் கழற்றித் தனிப் பையில் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவது ஐந்து நிமிட வேலை. வெயிலில் மரத்தின் மேல் குனிந்து அரம் போட்டால் கோணம் நிற்காது. கழற்றிய செயின்களைச் சாயங்காலம் பிடிப்பானில் மாட்டி, நல்ல வெளிச்சத்தில் ஒன்றாகத் தீட்டிக்கொள்ளலாம்.